மூன்று மீன்களும் எங்கள் வெறுங்குடங்களும்

எண்பதுகளில் மலேசியாவின் கோலா சிலாங்கூர் பட்டணத்துச் சதுக்கத்தில் ஒரு நீரூற்று கட்டினார்கள். சிமெண்டில் மூன்று மீன்கள், வாலை ஊன்றி நின்றுகொண்டு, பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வெள்ளிச் சாயம் வேறு பூசியிருந்தார்கள். மீன் பிடித்துப் பிழைக்கும் ஊரில் மீனுக்கு இப்படியொரு மூஞ்சியைச் செய்தவன் சந்தைப் பக்கமே போயிருக்க மாட்டான்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் எஸ்டேட் லயத்துக் குழாயில் காலையில் கொஞ்சம் சொட்டும், பிறகு காற்றுதான் வரும். குளிக்கவும் துவைக்கவும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்தான். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டியே அவள் கழுத்து மடிப்பெல்லாம் புண்ணாகிவிட்டது. நல்ல தண்ணீர் ஒரு குடம் கிடைக்காதா என்று நாயாய் அலைந்தேன்.

அப்போதுதான் நீரூற்றுத் திறப்பு விழாவுக்குக் கைதட்ட ஆள் வேண்டும் என்று எங்கள் கிராணி லோரி பிடித்தார். ஆபீஸில் கணக்கெழுதும் மனிதர். மேனேஜர் முன்னால் வளைகிற முதுகு எங்களைக் கண்டால் மட்டும் நிமிரும். வறட்சிக் காலத்தில் லோரி எங்கே போனாலும் குடங்களும் கூடவே ஏறிவிடும். சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வழியில் யாராவது மனமிரங்கிக் குழாயைத் திறந்துவிடுவார்கள். நாங்களும் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, குடமும் கையுமாகப் போய் இறங்கினோம்.

இதெல்லாம் என்ன என்று ஓர் அதிகாரி கேட்டார். கிராணி கொஞ்சமும் கூசாமல், இது இந்தியர்களின் பாரம்பரிய வரவேற்பு என்று மலாய் மொழியில் அளந்துவிட்டார். அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

வெறுங்குடம் எதிரே வந்தால் வாசல் இறங்கியவன்கூட வீட்டுக்குத் திரும்பிவிடுவான். என் மாமியார் கொதித்துப்போனார்.

"ஏங்க கிராணி, வெறுங்கொடத்த வச்சிக்கிட்டு வர்றவங்க முன்னால நிக்கச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"அவங்களுக்கு என்னா தெரியும் லா? சிரிச்சிக்கிட்டு நில்லுங்க."

நின்றோம். பெரிய மனிதர் வந்தார், எங்கள் குடங்களைப் பார்த்துக் கும்பிட்டார், ரிப்பனை வெட்டினார். மீன்கள் கக்கின. தெறித்த துளி ஒன்று என் உதட்டில் பட்டது. குளோரின் வாடை. பட்டணத்து வீடுகளில் வருகிற அதே சுத்தமான குழாய்த் தண்ணீர்! எங்கள் லயத்துக்கு வர வழி தெரியாத தண்ணீர், சிமெண்டு மீனின் தொண்டைவரைக்கும் வந்திருக்கிறது.

பெரிய மனிதர்கள் கூடாரத்துக்குச் சாப்பிடப் போனதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீரூற்றுத் தொட்டிக்குள் இறங்கினேன். மேலேயிருந்து விழுகிற தண்ணீருக்குக் குடத்தைக் காட்டினேன். கிராணி ஓடிவந்தார்.

"ஏம்மா, அது அழகுக்கு வுடுற தண்ணி! மானத்த வாங்காத, மேல ஏறு!"

"எம்புள்ளைக்குக் குளிக்க ஊத்தணும். யாராச்சும் கேட்டா, இதுவும் பாரம்பரியம்னு சொல்லிக்குங்க."

மாமியாரும் இறங்கினார். பிறகு லோரியில் வந்த மொத்தப் பெண்களும் இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டினேன். நீரூற்றுத் தண்ணீருக்குள் அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் அழாமல் குளித்தாள். நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

நாங்கள் தொட்டியில் இறங்கிய செய்தி மேலிடத்துக்குப் போய்விட்டது என்று கிராணியே வந்து மிரட்டினார். போகட்டும், இப்போதாவது கண் திறக்கும் என்று நினைத்தோம். சில வாரங்களில் எங்கள் தோட்டத்துச் சாலையில் இரும்பு ஏற்றிய லோரி ஒன்று வந்தது. லயத்துக்குப் புதுக் குழாய் வந்துவிட்டது என்று மாமியார் ஓடிப்போய் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். லோரி எங்கள் லயத்தில் நிற்கவே இல்லை. நேராகப் பட்டணத்துக்குப் போனது. அந்த இரும்பைக் கொண்டு மூன்று மீன்களையும் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பி வேலி போட்டார்கள்.