உளுந்து எடுக்கும் வரை

ஐப்பசியின் முதல் மழை பெய்த வாரத்தில் என் அக்கா கயத்தாற்றிலுள்ள தன் கணவன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இரண்டாவது கருவும் கலைந்திருந்தது. உடம்பு தேற வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டோம். அவள் திரும்பிப் போக விரும்பவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள், துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்:

"அங்கன என்னயப் பேர் சொல்லியே கூப்பிடுறதில்லட்டி. 'ஏ, இவளே'ம்பாவ. இப்ப அதுவும் இல்ல."

கரு கலைந்தவளின் இடுப்புக்கு உளுந்தங்களிதான் வலு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடை உளுந்தை அம்மா நம்பவில்லை. எங்கள் புஞ்சையிலோ அந்த வருடம் முழுவதும் மக்காச்சோளம். ஆகவே வீட்டுக்குப் பின்னால், குளியலறைச் சுவருக்கும் வேலிக்கும் இடையிலிருந்த கரிசலைக் கொத்தச் சொன்னாள். மண்வெட்டியில் அப்பிய ஈரமண்ணைக் காலால் வழித்து வழித்து அப்பா பாத்தி கட்டினார்; கறுப்பு உளுந்தை ஊன்றினார்.

அக்காவை எப்போது அனுப்புகிறீர்கள் என்று அவள் மாமனார் போனில் கேட்டார். அப்பா பெருமையாகச் சொன்னார்: "புள்ளைக்குன்னே உளுந்து போட்டிருக்கோம் அண்ணாச்சி. அத எடுத்து, களி கிண்டிக் குடுத்துத்தான் அனுப்புவோம். தை பொறக்கட்டும்."

மறுக்க முடியாத காரணம். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சிறு பாத்திதான் இனித் தன் தவணை என்பதை முதலில் புரிந்துகொண்டவள் அக்கா. அன்றிலிருந்து களை எடுப்பதும், எறும்பு விரட்டுவதும், கோழி புகாமல் வேலியில் முள் செருகுவதும் அவள் வேலையாயின. அம்மாவின் களியை அவள் விரும்பி உண்டதில்லை. ஆனால் செடிகள் பூத்தபோது, வந்ததிலிருந்து முதல் முறையாக, அவள் ஒரு முழு இரவு தூங்கினாள்.

கார்த்திகைக் கடைசியில் சில இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. பிறகு அந்த இலைகள் முழுவதும் மஞ்சளாயின. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மதினி, ஒங்க உளுந்துக்குச் சடங்கு வச்சிட்டியளா? மஞ்சத் தேச்சுக் குளிச்ச மாதிரில்லா நிக்கி!"

அம்மா சிரிக்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"ஏட்டி, தீட்டோட பாத்திக்குள்ள போனியா?"

அக்கா குனிந்து வேலி முள்ளைச் சரிசெய்தாள். அதுவே பதிலாயிற்று. பயிருக்குள் விலக்கான பெண் கால் வைத்தால் அது கருகும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. அன்றே அம்மா பாத்தியில் கோமியம் தெளித்தாள். "இனிமே அந்தப் பக்கம் போவாத. ஒன்னால வெளங்குனது போதும்" என்றாள்.

நான் வேளாண் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். வெள்ளை ஈ பரப்பும் நோய் என்றார்கள். மஞ்சளான செடிகளை உடனே பிடுங்கினால்தான் மற்றவை பிழைக்கும். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"பூத்து நிக்குத செடியப் பிடுங்கவா? காலேசுக்குப் போறவளுக்கு ஈ தெரியுது. தீட்டுதான் தெரியல."

அக்கா சமையலறை சன்னலில் நின்றபடி புதிதாக மஞ்சளான செடிகளை எனக்குக் காட்டினாள். கல்லூரிக்குக் கிளம்புமுன் நான் பிடுங்கினேன். அம்மா பார்த்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டாள். விட்ட செடிகளிலிருந்து நோய் அடுத்த வரிசைக்குப் போயிற்று. மார்கழிப் பாதியில் பாத்தியில் பச்சையே இல்லை.

அப்பா குனிந்து ஒரு காயைப் பறித்து நகத்தால் பிளந்தார். உள்ளே சூம்பிய இரண்டு மணிகள்.

"இது தேறாது" என்றார். எல்லாவற்றையும் பிடுங்கி வேலியோரம் போட்டார். நிமிர்ந்தபோது அவர் குரல் சாதாரணமாக இருந்தது. "களிக்குக் கடையிலயே வாங்கிக்கிடலாம். இனிமே தை வரைக்கும் காத்துக் கெடந்து என்னத்துக்கு? மருமவன ஞாயித்துக்கெழம வரச் சொல்லுதேன்."

அம்மா பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை.

தடுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி அக்கா வெற்றுப் பாத்திக்குள் இறங்கினாள். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை.

"தொவரை போடுங்கப்பா" என்றாள். "அது வெளைய ஆறு மாசம் ஆவும்லா."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மண்ணைத்தான் பார்த்தார்.

"தொவரைக்குப் பருவம் போயிருச்சும்மா."

பிறகு கையிலிருந்த கரிசலை வேட்டியில் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.