முன்சீட்டில் ஈவாஞ்சலின் டீச்சர்

தூத்துக்குடியில் தேவதாசன் குடியிருந்த தெருவில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண் அவர் மனைவி ஈவாஞ்சலின்தான். சாத்தான்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்த கணக்கு டீச்சர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த நீலக் காரை வாங்கி, தானே ஓட்டப் பழகி, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கொண்டு போனாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த தேவதாசன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவார். தெருவில் கேலி பேசினார்கள். அவருக்கு அது உறைத்ததே இல்லை. ரிட்டையர் ஆன பிறகுதான் அவளிடமே ஏகப்பட்ட திட்டு வாங்கிக்கொண்டு வண்டி பழகினார்.

அதற்கப்புறம் அவளுக்கு மறதி வந்தது. சாமான் வைத்த இடம் மறந்தது, ஆட்களின் பெயர் மறந்தது, கடைசியில் புருஷனின் முகமும் மறந்தது. சொந்த வீட்டிலேயே, "எங்க வீட்டுக்குப் போணும்" என்று வாசலில் போய் நிற்பாள். பாளையங்கோட்டை டாக்டரிடம் மாதாமாதம் காட்ட வேண்டியிருந்தது. ஒரு தடவை வாடகைக் காரில் கூட்டிப்போனபோது, வல்லநாடு தாண்டுவதற்குள் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தாள். நீலக் காரில் மட்டும் ஏறினால் அமைதியாகிவிடுவாள். பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டிக்கொள்வாள். தேவதாசனை வண்டி பழக வந்த பையன் என்று நினைத்துக்கொண்டு, "தம்பி, கிளச்ச முழுசா மிதிங்க" என்பாள்.

"சரி டீச்சர்" என்பார் அவர்.

வேறெங்கும் அவருடன் பேசாதவள் அங்கே பேசினாள். அதற்காகவே சாயங்காலங்களில் உப்பளத்துப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

அந்த வண்டிதான் ஒருநாள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டி இழுத்தது. சிக்னலில் நின்றால் அணைந்துபோனது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மெக்கானிக் சுடலைக்கண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, த்ராட்டில் பொசிஷன் சென்சார் போய்விட்டது என்றான். மிதி எவ்வளவு அமுங்குகிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்ன உறுப்பு அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த மாடல் காரைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. புது உறுப்பு எங்கேயும் இல்லை.

தேவதாசன் பழைய சென்சாரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடையாக ஏறினார். ஒரு கடையில் இருந்ததற்கு ஓட்டை பொருந்தவில்லை. இன்னொன்றில் எல்லாம் பொருந்தியது, ஒயர் மாட்டும் சாக்கெட்தான் வேறு. ஆன்லைனில் வரவழைத்தது கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கம் சுற்றுகிற வகை. சாவியைத் திருப்பியதும், காலை வைக்காமலே இன்ஜின் வீறிட்டது. திருநெல்வேலியில் கார் உடைக்கிற இடத்துக்கும் போய் வெறுங்கையோடு வந்தார். அவர் வெளியே போகிற நேரமெல்லாம் பக்கத்து வீட்டு மெட்டில்டா ஈவாஞ்சலினைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அவள், வீட்டு முன்னால் நின்ற காரில் ஏறி உட்கார்ந்து, வண்டி ஏன் கிளம்பவில்லை என்பதுபோல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுடலைக்கண்ணனுக்கு ஒருநாள் ஞாபகம் வந்தது. காயல்பட்டினத்தில் இதே மாடல் கார் ஒன்றுக்கு அவன் முன்பு வேலை பார்த்திருக்கிறான். துபாயில் இருந்த ஒருவருடைய வண்டி. கொரோனா சமயத்தில் அவர் அங்கேயே இறந்துபோனார். தேவதாசனும் சுடலைக்கண்ணனும் பஸ் ஏறிப் போனார்கள்.

இறந்தவரின் மனைவி ருகையா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கார், ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. லீவில் வந்தால் ஓட்டுவதற்கென்று அவர் வாங்கிப் போட்டது. அவரைத் துபாயிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவள் கடைசியாக அவர் முகம்கூடப் பார்க்கவில்லை. மகன் முஜாஹித் விற்கச் சொல்லியும் கேட்காமல், வெள்ளிக்கிழமைதோறும் தார்ப்பாயை விலக்கித் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கேட்டபின் தேவதாசனுக்குச் சென்சாரைக் கேட்க மனம் வரவில்லை. வேண்டாம்மா, வேறே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்தார்.

"இருங்க" என்றாள் ருகையா. "இது ஓடி எனக்கு யாரு வரப்போறா? ஒங்களுக்கு ஆளு பக்கத்துல இருக்கு. கழத்திக்கிடுங்க."

சுடலைக்கண்ணன் கழற்றும்போது அவள் அங்கே நிற்கவில்லை.

அன்றைக்கே பொருத்திப் பார்த்தார்கள். வண்டி முனகாமல் கிளம்பியது. மறுநாள் ஈவாஞ்சலினைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார். ஆற்றுப்பாலத்தில் போகும்போது அவள் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓட்டுதீங்க தம்பி. லைசென்ஸ் கெடச்சிரும்" என்றாள். தேவதாசன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க அப்படிப் போனது. அவர் வாழ்க்கையில் கடைசியாக வந்த நல்ல காலம் என்றால் அதுதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலை. டாக்டரிடம் போக அவர் கார்க் கதவைத் திறந்து வைத்தார். ஈவாஞ்சலின் வாசல்படி இறங்கி வந்து நின்றாள். சீட்டைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு யாரோ அந்நியர் வண்டியில் ஏறச் சொன்னதுபோலப் பின்வாங்கி, வழியனுப்ப வந்து நின்ற மெட்டில்டாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், கிளச்சு மிதிக்கச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று தேவதாசன் கெஞ்சினார்.

அவள் அழத் தொடங்கினாள். அவர் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவள் காரில் ஏறவே இல்லை. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. மார்கழியில் சளி பிடித்துக் காய்ச்சலில் படுத்தவள், கிறிஸ்துமஸுக்கு முந்தி இறந்துபோனாள்.

சுடலைக்கண்ணன் மூலம் கேள்விப்பட்டு, அடக்கம் முடிந்த சில நாளில் ருகையா துக்கம் விசாரிக்க வந்தாள். தன் காரைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அந்தச் சாமானைக் கழற்றிய பிறகு துடைக்கக் கை போகவில்லையாம்.

"கடைசி வரைக்கும் ஒங்க கையில இருந்தாங்கல்லா" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொழுது சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை விடுகிறேன் என்று சொல்லி அவளைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்ட தேவதாசன், பஸ் ஸ்டாண்டில் நிறுத்தவில்லை. முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர் என்று காயல்பட்டினம் வரைக்கும் ஓட்டினார். வழி முழுக்க முன்சீட்டு காலியாகவே இருந்தது, பெல்ட் மாட்டப்படாமல் தொங்கியது. வீட்டு வாசலில் இறங்கியவள், வாரேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.