டச் அண்ட் கோ

நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. 'டச் அண்ட் கோ' என்ற தொடரைப் பத்தாம் வகுப்புக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம், எதுவும் நிச்சயமில்லை என்று பொருள் சொல்வேன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர், ஓடிப்போய்ப் பிடித்த பஸ் என்று பிள்ளைகள் உதாரணம் சொல்வார்கள்.

போன வருடம் அப்பாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் காலை டாக்டர் ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்து, "இட்ஸ் டச் அண்ட் கோ, மேடம்" என்றார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். "என்னாம்மா சொன்னாரு? டச்சு, கோவுன்னாரே. தொட்டுட்டுப் போயிடுச்சின்னா?"

"ஆமாம்மா."

பொய் சொல்ல நினைக்கவில்லை. விளக்கிச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா அன்றைக்குத்தான் இட்லி சாப்பிட்டார். போனில் விசாரித்தவர்களிடமெல்லாம், "கண்டம் தொட்டுட்டுப் போயிடுச்சிங்க, டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். மறுநாள் காலை, "வூட்டுக்குப் போயி மாட்டப் பாத்துட்டு, உங்கப்பாவுக்கு நல்ல வேட்டியா எடுத்தாரேன்" என்று கிளம்பினார். காரிமங்கலம் பஸ்ஸில் நான்தான் ஏற்றிவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் சீட்டு கிடைத்ததா என்று கேட்டேன்.

நண்பகலில் அப்பா இறந்துவிட்டார். காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அழுகை வரவில்லை. கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வேட்டி எடுத்துக்கிட்டேன், கெளம்பிட்டேன்" என்றார்.

"நீ வராதம்மா. அப்பாவக் கூட்டிக்கிட்டு நான் வர்றேன்."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்தது கேட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா கேட்டார். "டாக்டரு அன்னிக்கு வேற என்னமோதான சொன்னாரு?"

"பொழைக்கலாம், பொழைக்காமயும் போவலாம்னு சொன்னாரு."

"தெரிஞ்சிருந்தா நான் பஸ்ஸு ஏறியிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மீதியிருந்ததையும் மடித்து வைத்தேன்.