வரைபடத்தின் கீழே என் பெயர்

எங்கள் பாடசாலையில் இரண்டு அறைகளுக்கு ஒருவரும் விரும்பிப் போனதில்லை. ஒன்று அதிபரின் அறை. மற்றது வழிகாட்டல் அறை. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் உடைந்த மேசைகளைக் குவித்து வைத்திருந்த இடத்தைத் துப்புரவாக்கி அதைத் திறந்திருந்தார்கள். உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது, பல்கலைக்கழகத்தில் என்னென்ன படிக்கலாம், பரீட்சைப் பயத்தை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு மிஸ் இருந்தார். இளம் வயது, அதட்டத் தெரியாத குரல். சுவர் முழுக்க விதவிதமான தொழில்களின் படங்கள். மேசையில் கண் துடைக்க ஒரு ரிஷூ பேப்பர் பெட்டி. அந்தப் பெட்டிதான் எங்களைப் பயமுறுத்தியது. அங்கே கூப்பிடப்படுகிறவளுக்கு ஒன்றில் தலை சரியில்லை, இல்லாவிட்டால் காதல் என்று வகுப்பில் தீர்ப்பாகியிருந்தது.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்த பிறகு என்னை அங்கே கூப்பிட்டார்கள். அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

எனக்குத் தலை சரியாகத்தான் இருந்தது. காதலும் இல்லை, அந்த வகையில் யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. நான் ஒளித்து வைத்திருந்த ஒரே குற்றம், டொக்டராவதற்கான பயோ பிரிவைப் படிக்க எனக்கு விருப்பமில்லை என்பதுதான். வீட்டில் அது எப்போதோ முடிந்துபோன விஷயம். பரீட்சை எழுதிய மை காயுமுன்பே கொழும்பில் நாங்கள் இருந்த வெள்ளவத்தையிலேயே பயோ ரியூசனுக்கு என்னைச் சேர்த்தாயிற்று. கனடாவில் இருந்த பெரியம்மா தொலைபேசியில் என்னை டொக்டர் என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தா. எனக்கோ புவியியலில்தான் உயிர். ஆனால் கலைப் பிரிவு என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஏதோ வியாதியின் பெயரைப் போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மிஸ் என் மனதைக் கண்டுபிடித்துவிட்டார், அப்பாவிடம் போட்டுக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பயத்துக்கு நடுவே ஒரு நப்பாசையும் இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

"ஆர் வரச் சொன்னது? அங்க எத்தினை பேர் இருப்பினம்?"

ஒரு மிஸ்தான் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. மிச்சச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கோபத்தில் சாப்பாட்டை விட்டு எழும்புகிற மனிதர் இல்லை அவர்.

போகிற நாள் காலையில் கலியாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். அடையாள அட்டை இருக்கிறதா என்று பொக்கற்றைத் தடவிப் பார்த்தார். படியிறங்கும்போது பார்த்தார், பஸ்ஸில் ஏறியபின் மறுபடியும் பார்த்தார். பாடசாலை இருக்கும் பம்பலப்பிட்டி வரும் முன்பு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடக் கதைக்காதை. தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லு."

மிஸ் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். அப்பா கதிரையின் நுனியில் மட்டும் இருந்தார். மேசையின் நடுவில் ஒரேயொரு தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. புவியியல் பாடத்துக்கு நான் வரைந்து கொடுத்த வெள்ளவத்தை வரைபடம் அது. ரயில் நிலையம், சந்தை, கோயில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் ஒவ்வொன்றையும் நடந்து நடந்து பார்த்து வரைந்திருந்தேன். பொலிஸ் நிலையத்துக்குச் சிவப்பில் பெட்டி போட்டிருந்தேன். கீழே, ஊருக்கே தெரியட்டும் என்பது போல, கொட்டை எழுத்தில் என் முழுப் பெயர்.

"இதை உங்கட மகள்தானே கீறினவ?" என்று மிஸ் சிரித்தபடி கேட்டார்.

அப்பா தாளைப் பார்த்தார். சிவப்புப் பெட்டியில் அவருடைய கண் நின்றது.

"இல்லை. என்ர பிள்ளை இதைக் கீறேல்லை."

மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர் இருக்கிறதே என்று விரலால் காட்டினார். அதற்கு அப்பா சிங்களத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். தமிழில் கேட்ட தமிழ் மிஸ்ஸுக்கு, அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, யாரோ கேட்டிருப்பார்கள் என்று சிங்களத்தில் பணிந்து பணிந்து சொன்னார். அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. வெட்கத்தில் எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிட வேண்டும் போல இருந்தது.

"நான்தான் மிஸ் கீறினனான்," என்றேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை ஐஸாய்க் குளிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மிஸ் பொறுமையாக எவ்வளவோ சொன்னார். இப்படி வரையும் பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை என்றார். புவியியல் எடுத்தால் பல்கலைக்கழகம் போகலாம், நகரத் திட்டமிடல் படிக்கலாம், நல்ல வேலைகள் இருக்கின்றன என்றார். நான் கனவிலும் கேட்க ஆசைப்பட்ட பேச்சு அது. அப்பாவின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை.

"அந்தப் பேப்பரைத் தாங்கோ மிஸ்," என்றார் கடைசியில்.

நாங்கள் பஸ் எடுக்கவில்லை. கடலோர வீதியால் நடந்து வந்தோம். வெள்ளவத்தைக்குக் கிட்ட, தண்டவாளத்தைக் கடந்து கற்களுக்கு இறங்கி, அப்பா என் வரைபடத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கடலில் போட்டார். நான் வாய்விட்டு அழுதேன். கலைப் பிரிவுக்கு அனுப்புவதைவிட மகளைப் பொய்க்காரி ஆக்குவது மேல் என்று அவர் நினைத்துவிட்டதாக எண்ணினேன். இனிப் பயோதான், வாழ்நாள் முழுக்கப் பயோதான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை ஒரு நாள் அப்பா மறுபடியும் அந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம், அவள் விரும்பினதைப் படிக்கட்டும், மிஸ் எல்லாம் விளக்கமாகச் சொன்னவ என்றார். அம்மா கத்திப் பார்த்தா. பெரியம்மா என்னை டொக்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தினா. அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். முகம் காய்ச்சலில் கிடந்து எழும்பியவரைப் போல இருந்தது.

"கீறு. ஆனா பேர் போடாதை," என்றார்.

என் பெயரைப் பார்க்க அவருக்கு அவ்வளவு வெட்கமா என்று உள்ளுக்குள் கொதித்தேன். அந்தக் கோபத்திலேயே படித்தேன்.

பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னா. கலியாணத்துக்கு முன்பு அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தவராம். ஊரிலிருந்து வர இருந்த தங்கைக்கு வழி தெரிய வேண்டுமே என்று, கோட்டை ரயில் நிலையத்திலிருந்து தன் அறை வரைக்கும் ஒரு தாளில் பாதை கீறி வைத்திருந்தாராம். யுத்த காலம், பொலிஸின் தேடுதலில் அது அகப்பட்டது. பொலிஸ் நிலையத்தில் ஒரு அறை, ஒரு மேசை, மேசையில் அந்தத் தாள். நீ கீறினதா என்று கேட்டபோது, மறைக்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்து, ஓம் என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அங்கே நடந்ததை அம்மாவிடமும் அவர் சொன்னதில்லை. படிப்பு அதோடு நின்றது.

ஒருவரும் கூப்பிடாமலே அப்பா அந்த அறைக்கு இரண்டாம் தடவை போனார் என்பது, பதினாறு வயதில் எனக்கு ஒரு சாதாரண விஷயமாகவே இருந்தது.