மருமகளின் கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பாஸ்வேர்டு

போன வருடம், தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எலெக்ட்ரிகல் இன்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள். மகனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நானும் மருமகளும் மட்டும்தான்.

மருமகள் கல்யாணத்துக்கு முன்பே பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். என் மனைவி படுக்கையில் விழுந்தபோது, யாரும் கேட்காமலேயே வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டாள். அந்தத் துக்கமெல்லாம் ஓய்ந்த பிறகு மறுபடி வேலைக்கு முயற்சி செய்தாள். டவுனில் ஒரு பள்ளியில், பாடம் நடத்துவதை வீடியோவாக எடுத்துத் திங்கள் மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பல நாள் திருப்பித் திருப்பி எடுத்து, ஒருவழியாக அவளுக்கே பிடித்த மாதிரி ஒன்று அமைந்தது. அது அவளுடைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர் அது.

அதில் இருந்த பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனி அப்டேட் வராது என்று திரையில் அடிக்கடி எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மகனிடம் போனில் இதைச் சொன்னாள். ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்குக் கேட்டது. "நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் அப்பாவ மட்டும் அதுல கை வைக்க உடாத. மிக்சிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?" இவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஞாயிறு காலை அவள் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பினாள். பூசை முடிந்து உப்பளம் பகுதியில் அவள் அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. முழங்கால் வலி என்று சொல்லி நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். வலி எதுவும் இல்லை. புதிய ஓ.எஸ்.ஸைப் பென்டிரைவில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன்.

வேலை சுலபமாகத்தான் போனது. அவளுடைய ஃபைல்கள் இருந்த பகுதியைத் தொடாமல், ஓ.எஸ். இருந்த பகுதியை மட்டும் அழித்துப் புதியதை ஏற்றினேன். நடுவில் கீபோர்டு எது என்று கேட்டது. முதலில் இருந்த அமெரிக்க இங்கிலீஷையே தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போனேன். அடுத்துப் பாஸ்வேர்டு கேட்டது. அவள் அதுவரை பாஸ்வேர்டு எதுவும் வைத்ததில்லை. நான் நாலே இங்கிலீஷ் எழுத்தில் 'மாமா' என்று அடித்தேன்; திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. அவளுடைய கம்ப்யூட்டருக்கு என்னையே பாஸ்வேர்டாக வைத்தேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து ஏதோ டைப் செய்து பார்த்தபோது எழுத்துகள் மாறி மாறி வந்தன. உடனே பிடிபட்டுவிட்டது. அது பிரெஞ்சு கீபோர்டு. நமக்குக் கியூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். இன்னும் சில எழுத்துகளும் இடம் மாறியிருக்கும். செட்டிங்ஸுக்குப் போய்ப் பிரெஞ்சு கீபோர்டு என்று மாற்றி, இங்கிலீஷை நீக்கினேன். எழுத்துகள் சரியாக வந்தன. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தேன் என்று என்னையே மெச்சிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

பாஸ்வேர்டு தவறு என்றது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். தவறு. கேப்ஸ் லாக்கைப் போட்டும் எடுத்தும் பார்த்தேன். தவறு. வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாமா, ஸ்கிரீனே வேற மாதிரி இருக்கு? பாஸ்வேர்டு வேற கேக்குது?"

"கரன்ட் போயி வந்துச்சும்மா. அதுவா ஏதோ அப்டேட் ஆயிடுச்சு போல."

அவள் முகம் மாறியது. "நேத்து என்னமோ கேட்டுச்சு. படிக்காமலே ஓகே குடுத்துட்டேன். என் வேலைதான் இது."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு. "இனிமே பாத்துப் பண்ணும்மா" என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் செய்தாள். காலையில் கொண்டுவரச் சொன்னார். ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கும், உள்ளே இருப்பது மிஞ்சுமா என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். சாயங்காலம் போனை அலமாரியில் சாய்த்துவைத்து மறுபடி வீடியோ எடுத்துப் பார்த்தாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை, நிறுத்திவிட்டாள்.

"ஒரு மெஷின ஒழுங்கா பாத்துக்கத் தெரியல. நான் போயி பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறேன்?" என்றாள்.  அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கடைக்காரர் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று ஒரு நப்பாசை.

திங்கள் காலை ஆட்டோவில் டவுனுக்குக் கிளம்பினோம். சிபியு என் மடியில் இருந்தது. பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அவள் போனில் எதையோ எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தன்னால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க இயலவில்லை, மன்னிக்கவும் என்று.

"அத அனுப்பாதம்மா" என்றேன். "அது தானா அப்டேட் ஆகல. நான்தான் பண்ணேன். முழங்கால் வலின்னு சொன்னதும் பொய்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்திலேர்ந்து என்னையே திட்டிக்கினு இருக்கேன் மாமா. நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கினு இருந்தீங்க."

 அவள் எழுதியதை அழித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள், "சரி, என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். கீபோர்டை மாற்றிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "பாஸ்வேர்டு போட்டது மாத்துறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"முன்னாடி."

"அப்ப நீங்க அடிச்சது வேற, அது எழுதிக்கினது வேற. நீங்க 'ஏ'ன்னு நெனச்சு அடிச்சது அதுக்குக் கியூ. 'எம்'முன்னு அடிச்சது அதுக்கு அரைப்புள்ளி." ஆட்டோக்காரர் பக்கம் குனிந்து, "அண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றாள்.

"பாலத்து மேல எங்கம்மா திருப்புறது? அந்தாண்ட எறங்கித்தான் திரும்பணும்" என்றார் அவர். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நம்ம வீட்லயும் இதே கததான் சார். எம் பொண்ணோட போன நான் நோண்டிட்டு, பூனை தட்டி உட்டுடுச்சின்னுட்டேன்" என்றார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, அரைப்புள்ளி, கியூ, அரைப்புள்ளி, கியூ என்று அடித்தாள். திறந்தது. வீடியோ இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதை அனுப்பி முடிக்கும் வரை நான் கதவோரமாகவே நின்றேன்.

"உக்காருங்க மாமா" என்றாள், திரும்பாமலேயே. "மொதல்ல இந்தப் பாஸ்வேர்ட மாத்தணும்."

இரண்டு நாள் என்னிடம் அளந்துதான் பேசினாள். மூன்றாம் நாள் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று அவளே கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லச் சொன்னாள். இருவருமாகச் சரிசெய்தோம். மகனுக்கு நடந்ததை நானே போனில் சொன்னேன். அவன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. ஜூனிலிருந்து அவள் அந்தப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள்.

பாலத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரை யாராவது என்றாவது சரிசெய்திருப்பார்கள். தனக்கு எதுவுமே ஒழுங்காக வராது என்று அவள் மனதில் நான் விழவிட்ட எண்ணத்தை, நடந்ததைச் சொல்லி நான் ஒருவன்தான் எடுத்திருக்க முடியும். கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் என் கையை விட்டுப் போயிருக்கும். நல்லவேளை, அவள் அதை அனுப்புவதற்குள் சொல்லிவிட்டேன்.