தெராகா உட்கார்ந்த இடம்

செய்தி வந்தபோது ஞாயிறு பூசை முடிந்து ஊர் சாப்பிட உட்கார்ந்திருந்தது. மகுரீதா ஈரப்பலாவைத் தீயில் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன். அக்கா தெராகாவின் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஈரப்பலா கருகிக் கரியாகும்வரை மகுரீதா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சாயங்காலம் கோர்ட் குமாஸ்தா உரியம் வந்தார். வானொலியில் வாசிக்க மரண அறிவிப்பு எழுத வேண்டும்.

"நீதிமன்ற ஊழியர்னு போட்டாப் போதுமாம்மா?"

"ஊழியர்னா நீங்களுந்தான் ஊழியர். அமீனான்னு போடுங்க. ஜனாதிபதி கையில சம்மன் கொடுத்த அமீனான்னு போடுங்க."

"ஜனாதிபதி வீட்டுலயும் ரேடியோ கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும். எங்களுக்கும் அது சொந்த வீடுதான்."

அவள் சொன்னது உண்மை. ஜனாதிபதி அவர்களுடைய பெரியப்பா மகன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தீவு சபையை அவர் ஒரே கையெழுத்தில் கலைத்துவிட்டுத் தன் ஆளை உட்காரவைத்தார். சபைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மனு அவர் மேலேயே போடப்பட்டிருந்ததால் சம்மனை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். விசாரணை நாளுக்குள் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும், சபையும் போனது போனதுதான். தீவில் இருந்த ஒரே அமீனா தெராகா.

அவள் ஜனாதிபதி அலுவலக வாசலுக்குத் தினமும் சைக்கிளில் போய் நின்றாள்.

"ஐயா டூர்ல இருக்காரு" என்றான் காவலாளி.

"நேத்து மீன் சந்தையில பாத்தேனேடா?"

"அதுவும் டூர்தான்க்கா."

விமான நிலையத்தில் காவலர்கள் அவளைத் தோளால் தள்ளி ஒதுக்கினார்கள். சொந்தக்காரர்கள் ஒதுக்கவில்லை, வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "அண்ணன் கையிலயே சம்மனா? ரத்தம் தண்ணியாயிடுச்சா உனக்கு?" தெராகா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "அவர் வாங்கிட்டா உங்க தொல்லையும் தீரும், என் தொல்லையும் தீரும். போய்ச் சொல்லுங்க" என்பாள்.

திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முந்தின சனிக்கிழமை சொந்த ஊரில், ஊர் கூடும் பொதுமண்டபமான மனேயபாவுக்குப் புதுக்கூரை போட்ட விருந்து. ஜனாதிபதியும் வந்தார். மனேயபாவில் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஓர் இடம் உண்டு. மீன் பிடிப்பவனானாலும் நாட்டை ஆள்பவனானாலும் உள்ளே வந்தால் அவனவன் தகப்பன் வழி இடத்தில்தான் உட்கார வேண்டும். கல்யாணமான பெண் கணவன் பக்கம் போய்விடுவாள். அதனால் காவலர்கள் தெராகாவின் கணவன் உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலையில் பூவளையம் வைத்து, பெரியவர்களுக்கு முன்னால் முறைப்படி குனிந்து, தெராகா வந்தாள். கணவன் பாயை நகர்த்தி இடம் விட்டான். அவள் அவனைத் தாண்டிப் போய்த் தன் அப்பா வழி இடத்தில், ஜனாதிபதிக்கும் கல்யாணமாகாத மகுரீதாவுக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான பிறகு அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

வெளித்தீவுக்காரனான ஒரு காவலன் பாதி எழுந்தான்.

"எங்கடா எந்திரிக்கிற?" என்று எதிர்வரிசைக் கிழவர் ஒருவர் அதட்டினார். "அது அவ அப்பன் இடம். நீ இங்க விருந்தாளி. விருந்தாளியா உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தெராகா அவசரப்படவில்லை. அண்ணன் மீனைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவித் துடைக்கும்வரை காத்திருந்தாள்.

"கை காஞ்சிடுச்சாண்ணே?"

"காஞ்சிடுச்சு. ஏன்?"

"கோர்ட் சம்மன். உங்க பேருக்கு."

ஜனாதிபதி காகிதத்தைப் பார்த்தார்.

"இங்கயா தெராகா?"

"நீங்க இருக்கற இடத்துலதானேண்ணே கொடுக்க முடியும்."

அலுவலகத்தில் என்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். இங்கே, பெரியவர்கள் பார்த்திருக்க, தங்கை நீட்டியதைத் தட்டிவிட முடியாது. அவர் வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தெராகாவின் கை அசையாமல்தான் இருந்தது. ஆனால் அவள் முழங்கால் படபடவென்று நடுங்கியது, பக்கத்தில் தொடையோடு தொடையாக உட்கார்ந்திருந்த மகுரீதாவுக்கு மட்டும் தெரிந்தது. அதை மகுரீதா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா நடுங்கிக்கொண்டே செய்தாள் என்பதுதான் அவளுக்குப் பெரிய கர்வம்.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்து, போன வாரம்தான் தீர்ப்பு வந்தது. கலைத்தது செல்லாது.

அறிவிப்பு மகுரீதா சொன்னபடியே வானொலியில் வந்தது. அடக்கத்துக்கு ஜனாதிபதியும் வந்தார். மகுரீதாவிடம் மெதுவாக, "ரேடியோவுல என் பேரும் வந்துச்சே" என்றார்.

"வராம எப்படிண்ணே? அவ செஞ்ச வேலையில நீங்களும் இருக்கீங்கள்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைசிவரை இருந்தார்.

ஜனாதிபதியின் ஆள் பூட்டிவிட்டுப் போன சபைக் கட்டடத்தைத் திறந்துவிடும் உத்தரவும் தெராகாவிடம்தான் வந்திருந்தது. சாவதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, முன்கதவுப் பூட்டை அவள் உடைத்தபோது சபைக்காரர்கள் பாடிக்கொண்டே உள்ளே போனார்கள். பின்கதவுப் பூட்டு உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது. இருட்டும்வரை அறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்குப் போனாள். அந்தப் பூட்டு பாதி அறுபட்டபடி இன்னும் கதவில் தொங்குகிறது.