பஞ்சாலையின் செவ்வாய்க்கிழமைகள்

மலாயாவில் லிங்கி ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, மாலை ஆறு மணிக்கு வாசலைப் பூட்டத் தொடங்கிய பிறகுதான் அங்கே வானொலி வந்தது. காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் சேதியும் போகக்கூடாது என்று தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி வைத்திருந்தார்கள். அடைபட்டுக் கிடந்த சனத்துக்குப் பொழுது போகட்டும் என்று கொட்டகை ஒன்றில் பெரிய மரப்பெட்டி ஒன்றை வைத்தது அரசாங்கம்.

பால்வெட்டுக்காரி பஞ்சாலைக்கு அப்போது முப்பத்தாறு வயது. புருஷன் நல்லசாமி வேலியோரக் காவல்படையில் இருந்தார். அவளுக்குப் பிள்ளை இல்லை. பெட்டி வந்த மூன்றாம் வாரமே எந்த நாள் என்ன வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் தொடர்நாடகம். வியாழக்கிழமை நேயர் கடிதம். சனிக்கிழமை விரும்பிக் கேட்ட பாட்டு. மற்ற இரண்டும் அவளுக்குச் சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி. நாடகம்தான் சோறு.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் வந்த நாடகம் பூங்காவனம் என்றொரு பெண்ணின் கதை. சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன புருஷன் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். முகம் பாதி வெந்திருக்கிறது. வந்தவன் அவன்தானா, இல்லை அவன் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த வேறு ஆளா என்பதுதான் கேள்வி. சயாமுக்கு ஆள் போகாத வீடு அந்தத் தோட்டத்திலும் இல்லை. அதனால் செவ்வாய்க்கிழமை கொட்டகையில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

கைக்குழந்தைக்காரிகளும் காவலுக்குப் போன ஆண்களும் நாடகத்தைத் தவறவிடுவார்கள். புதன்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்கு முன்னால், அவர்கள் பஞ்சாலையைச் சுற்றி நிற்பார்கள். அவள் பூங்காவனத்தின் அழுகையை அழுவாள். மாமியாரின் கரகரப்பையும் வந்தவனின் தயக்கத்தையும் அப்படியே தொண்டையில் கொண்டுவருவாள். பெட்டியில் கேட்டவர்கள்கூட மறுபடி அவளிடம் கேட்க வந்தார்கள். மலடி என்று முதுகுக்குப் பின்னால் பேசிய வாய்களெல்லாம் புதன்கிழமை மட்டும் அவளை அக்கா என்று அழைத்தன.

ஐப்பசியில் மந்தின் தோட்டத்திலிருந்து ஆம்புரோஸ் என்பவன் பால் லாரி ஓட்ட மாற்றலாகி வந்தான். அவன் மனைவி அகதா, இருபத்தைந்து வயசு, கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படித்தவள். கடிதம் எழுதத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை நாடகம் முடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். மறுவாரம் வியாழக்கிழமை பெட்டிக்குள்ளிருந்து அறிவிப்பாளர் சொன்னார்: "லிங்கித் தோட்டத்து அகதா எழுதுகிறார். வந்தவன் உண்மையான புருஷனாக இருந்தால் அந்த வீட்டுப் பழைய நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான் என்கிறார்."

கொட்டகை முழுக்க அகதாவைத் திரும்பிப் பார்த்தது. தங்கள் தோட்டத்தின் பெயரைப் பெட்டி சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை நாடகத்திலும் நாய்ப் பேச்சு வந்தது. அதற்குப் பிறகு பெரட்டில் கூட்டம் அகதாவைச் சுற்றித்தான்.

பஞ்சாலை தன் வாளியோடு தனியே நின்றாள். பக்கத்து நிரையில் பால் வெட்டும் முத்தாயி சும்மா இருக்கவில்லை.

"கோவிச்சுக்காத பஞ்சால. நீ நேத்து நடந்ததச் சொல்ற. அவ நாளைக்கு நடக்கப்போறதச் சொல்றாள்ல."

அந்தச் சொல் நெஞ்சில் தைத்த முள்ளாய் நின்றது. அகதா சிரித்தால் வயிறு எரிந்தது. அகதாவின் சட்டையில் இருந்த பூவைப் பார்த்தாலும் எரிந்தது. அவளுடைய பெண்குழந்தை நாடகத்துப் பெயர்களைச் சொல்லி விளையாடியது எல்லாவற்றையும்விட எரிந்தது. நானும் மூன்றாவது வரை படித்தேனே என்று ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள். வாயில் ஆறாக ஓடும் கதை விரலில் ஒரு வரிகூட வரவில்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் போலீஸ் லாரி வந்தது. வீட்டுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். காட்டுக்காரருக்கு உதவுகிறவர்கள் யாராவது தெரிந்தால் எழுதுங்கள், பேர் போட வேண்டாம், தெரியாவிட்டால் வெறுந்தாளாகவே இந்தப் பூட்டிய தகரப்பெட்டியில் போடுங்கள் என்றார்கள். முக்கால்வாசிப் பேர் வெறுந்தாளைத்தான் மடித்தார்கள்.

நல்லசாமி காவலுக்குப் போயிருந்தார். இந்த முறை பஞ்சாலையின் விரல் தயங்கவில்லை. 'ஏழாம் லயத்து அகதா வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறாள். புருஷன் லாரியில் வெளியே கொண்டுபோகிறான். யாருக்கு என்று தெரியாது.'

யாருக்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடைசி வரி மட்டும்தான் பொய். கூப்பிட்டு மிரட்டுவார்கள், பயந்துபோய் எழுதுவதை நிறுத்துவாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை வாசல் சோதனையில் ஆம்புரோஸை லாரியிலிருந்து இறக்கினார்கள். அகதாவை ஆயாக்கொட்டகையில் குழந்தையை விடும்போதே பிடித்துக்கொண்டார்கள். வீட்டைப் புரட்டி எழுதிய தாள்களையெல்லாம் சாக்கில் கட்டினார்கள். குழந்தையை முத்தாயி தூக்கிக்கொண்டாள்.

"முகாம்ல போட்டுருவாங்களாம். இல்லன்னா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாம். அதுங்களுக்கு அங்க யாரு இருக்கா?" என்றாள் முத்தாயி.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஞ்சாலை வழக்கம்போல் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெண்கள் அவள் பக்கம் சாய்ந்து, "இன்னிக்கு என்னக்கா ஆகும்?" என்று கேட்டார்கள். ஆசைப்பட்டது கைக்கு வந்திருந்தது. பூங்காவனம் பேச ஆரம்பித்தாள். பஞ்சாலையின் காதில் எதுவும் ஏறவில்லை. பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பெரட்டில் கேட்டவர்களிடம் தலைவலி என்றாள்.

அன்று சோறு போடும்போது நல்லசாமியிடம் சொல்லிவிட்டாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொன்னா அவங்களோட சேத்து நம்மளையும் கப்பல்ல ஏத்துவான்."

அவர் சாப்பிடாமல் கை கழுவினார். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் கொட்டகைக்குப் போகவில்லை. மறுநாள் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு ஆபீசு வாசலில் போய் நின்றாள். கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கிராணி ஐயா, அகதா எழுதுனதெல்லாம் ரேடியோவுக்குங்க. உறைமேல எழுதுனத நான் கண்ணால பாத்தேன். கோலாலம்பூருல கேட்டா அவங்களே சொல்வாங்க."

"இத இத்தன நாள் ஏன் சொல்லல?"

பஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டாள். "தாள்ல எழுதிப் போட்டது நான்தானுங்க."

கிராணி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"மொதல்ல சொன்னத எழுதித் தொரைகிட்ட குடுக்கறேன். ரெண்டாவது சொன்னது என் காதுல விழல. போ."

நாலு நாள் கழித்து இருவரையும் விட்டார்கள். ஆனால் ஆம்புரோஸுக்கு லாரி திரும்பக் கிடைக்கவில்லை. சந்தேகத்தில் சிக்கியவன் வாசலுக்கு வெளியே வண்டி ஓட்டக்கூடாது என்று புல்வெட்டுக்குப் போட்டார்கள். அகதா மெலிந்து, கன்னம் ஒட்டி, குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல் நடந்தாள்.

மறுநாள் குழாயடியில் அவளே பஞ்சாலையிடம் வந்தாள்.

"அக்கா, ரெண்டு செவ்வா போயிருச்சு. பூங்காவனம் என்ன முடிவு பண்ணா? நீங்க சொன்னாத்தான் நேருல பாத்த மாதிரி இருக்கும்."

"நான் கேக்கல."

"நீங்களா?"

வாளி நிரம்பி வழிந்தது. இருவரும் குழாயை மூடவில்லை.

"உன்னப் பத்தி எழுதிக் குடுத்தது நான்தான்," என்றாள் பஞ்சாலை.

அகதாவின் முகத்தில் முதலில் ஒன்றுமே மாறவில்லை. "எதுக்குக்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்?"

"எல்லாரும் உன்னையே கேட்டாங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

அகதா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். தண்ணீர் காலில் சிந்தச் சிந்த நடந்து போனாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சாலையிடமும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சித்திரையில் ஆம்புரோஸுக்கு லுக்குட் ஊரில் பட்டறை வேலை கிடைத்து, குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு போய்விட்டது.

நாடகம் முடிந்து வேறு நாடகம் வந்தது. பெரட்டில் பஞ்சாலை மறுபடி கதை சொன்னாள், கேட்டால் மட்டும். ஒரு வியாழக்கிழமை அறிவிப்பாளர், "லுக்குட்டிலிருந்து அகதா எழுதுகிறார்," என்றார். கடிதம் நீளமாக இருந்தது, அழகாகவும் இருந்தது.

முத்தாயி அவள் தோளைத் தொட்டாள். "நம்ம அகதாதானே?"

"ஆமா," என்றாள் பஞ்சாலை. வயிறு பழையபடி எரிந்தது, கொஞ்சமும் குறையவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கா. பேசாம கேளு."